பாட்டி பேசற மலை மொழிய பதிவு பண்ணி புள்ளைங்க வாய்க்கு கொண்டு வர்றது எப்படி? முழு வழிகாட்டி

பாட்டி தாத்தா நீலகிரி பக்கத்து மொழி ஒண்ணு பேசுவாங்க, அப்பா அம்மாவுக்கு அது நல்லா வரும் ஆனா வீட்ல ஓடறது தமிழ்தான், புள்ளைங்களுக்கு கேட்டா பாதி புரியும் வாய்ல ஒரு வரி வராது. இப்படிப்பட்ட வீடுங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் பெரம்பூர்க்காரன், வீட்டம்மா நீலகிரில கோத்தகிரி பக்கம் ஒரு படுகர் ஹட்டில பொறந்தவங்க (படுகர்ன்றது அந்த மலைச் சமூகம், ஹட்டின்னா அவங்க ஊரு), மாமியார் இப்போ எங்க கூட தான் இருக்காங்க. ஐசிஎஃப், லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ்னு ரயில்வே வேலைக்கு வந்து பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம்னு தங்கிட்ட வெளியூர்க்காரங்க ரொம்ப பேரு, அதுல மலைக்காரங்களும் உண்டு, அடுத்த தலைமுறைக்கு மெட்ராஸ் தமிழ் தவிர வேற எதுவும் நாக்குல நிக்கறதில்ல.

மொழிய பதிவு பண்ணி வெச்சுட்டா அது பொழைச்சுடும்னு நெறைய பேரு நம்பறாங்க, எனக்கு அதுல உடன்பாடு கெடையாது. பதிவு பண்றப்போ கேள்வி கேக்கற ஆளு பேரப்புள்ளையா இருக்கணும், அந்த ஆடியோவ மொதல்ல கேக்கறதும் அதுவாதான் இருக்கணும். ஆராய்ச்சி, ஆவணக் காப்பகம் எல்லாம் அதுக்கு அப்புறம். கீழ சொல்லிருக்கற ஒவ்வொரு படியும் இத மனசுல வெச்சு தான் போட்டிருக்கேன்.

மொதல்ல நெலமை என்னன்னு பாத்துருவோம்

தமிழ்நாட்ல அரசாங்கமே ரொம்ப நலிஞ்ச பழங்குடிங்கன்னு தனியா வகைப்படுத்தியிருக்கறது 6 சமூகம்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பனியர், காட்டுநாயக்கர். இந்த 6 பேரும் நீலகிரில இருக்காங்க. படுகர் இந்த லிஸ்ட்ல வர மாட்டாங்க, ஆனா அந்த மலைல பெரிய சமூகம் அவங்கதான், சுமார் 400 ஹட்டி இருக்கு. 2011 சென்சஸ்ல படுக மொழிய தாய்மொழின்னு சொன்னவங்க 1,33,000 பேரு சொச்சம், அதையும் கன்னடத்துக்கு கீழ வெச்சு தான் கணக்கு போட்டிருக்காங்க. தோடா பேசறவங்க 2,000 பேர சுத்தி தான் இருப்பாங்க, கோத்தா அதவிடவும் கம்மி. 1971லருந்து சென்சஸ்ல 10,000 பேருக்கு கம்மியா பேசற மொழிங்க பேர தனியா போடறதே இல்ல, அதனால இந்த ரெண்டு மொழியும் பட்டியல்ல "மற்றவை"ன்னு ஒரு வரிக்குள்ள போயிடும். யுனெஸ்கோ அட்லஸ்ல தோடாவும் கோத்தாவும் கடைசி கட்ட ஆபத்துல இருக்கற மொழிங்க, படுக மொழி அதுக்கு ரெண்டு படி மேல இருக்கு.

லட்சம் பேருக்கு மேல பேசறாங்களே அப்புறம் என்ன பயம்னு கேப்பாங்க. 1990கள் கடைசில பச்சை தேயிலை வெலை படுத்துச்சு, சின்ன தோட்டக்காரங்க வீட்டு புள்ளைங்க கோயம்புத்தூர், பெங்களூர், சென்னைன்னு எறங்கிட்டாங்க, எறங்குன எடத்துல பள்ளிக்கூடம் தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ தான். மொழி தேயறது ஹட்டிக்குள்ள இல்ல, எங்க வீடு மாதிரி ஃபிளாட்டுக்குள்ள. அதனால வேலையும் இங்கருந்தே தொடங்கணும்னு நெனைக்கறேன்.

படி 1: யாரு பேசறது?

வயசுல மூத்தவங்க, ஒடம்பு சரியில்லாதவங்க மொதல்ல. இதுல கூச்சப்படவே கூடாது, நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டா அந்த நாளைக்கு வராமலே போயிடலாம்.

அதுக்கப்புறம் ஆம்பளை பொம்பளை ரெண்டு தரப்பும் வேணும். ஏன்னா, எமனோன்ற அமெரிக்க மொழியறிஞர் 1935லருந்து 1938 வரைக்கும் இந்தியாவுல இருந்து தோடா, கோத்தா மொழிங்கள எழுதி எடுத்தாரு, கோத்தர் கதைங்க 1944லருந்து புத்தகமா வந்துச்சு, அவ்வளவு பெரிய வேலை, ஆனா அந்த கதைங்கள சொன்னது பெரும்பாலும் ஒரே ஆளு, சுல்லின்ற கோத்தர் வாத்தியார். அவரு இல்லன்னா ஒண்ணுமே கெடைச்சிருக்காது, அந்த மனுசனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் பத்தாது. ஆனா பாருங்க, கோத்தர்ல மண்பானை செய்யறது பொம்பளைங்க வேலை, களிமண்ண பத்தி அவங்க ஆயிரம் சொல்லுவாங்க, ஒரு ஆம்பளை வாத்தியார் கிட்ட அது எவ்வளவு வரும்? உங்க வீட்லயும் தாத்தா கூட்டத்துல நல்லா பேசுவாரு, அவர பதிவு பண்ணிட்டு எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. அடுப்படி, பிரசவம், நாத்து, மாடு, புள்ளைய தூங்க வைக்கறது இதெல்லாம் பாட்டி கிட்ட இருக்கு.

படி 2: சம்மதம்

நம்ம பாட்டி தானேன்னு ஃபோன ஒளிச்சு வெச்சு ரெக்கார்ட் பண்றது தப்பு. எதுக்கு, யாரு கேப்பாங்க, நெட்ல போடுவோமா மாட்டோமான்னு அவங்க மொழியிலயே சொல்லி, அவங்க சரின்னு சொல்றதையும் ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. மூணு வகையா கேளுங்க: வீட்டுக்குள்ள மட்டும், சொந்தக்காரங்க ஊர்க்காரங்க வரைக்கும், உலகத்துக்கே. ஒவ்வொரு பேச்சுக்கும் தனித்தனியா கேக்கணும், ஏன்னா சமையல் பத்தி பேசினத ஊரே கேக்கலாம், பங்காளி சண்டை பத்தி பேசினத கேக்கக் கூடாது. நடுவுல "இத எடுத்துடு"ன்னு சொன்னா எடுத்துடணும், அதுல பேரம் கெடையாது.

இன்னொன்னு, செத்தவங்க பேரு. ரிவர்ஸ்ன்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1901-02ல தோடர் கிட்ட போய் குடும்பம் குடும்பமா வம்சாவளி எடுத்தாரு, 1906ல புத்தகமா போட்டாரு. தோடருக்கு செத்துப்போன சொந்தக்காரங்க பேர சொல்லக் கூடாதுன்னு கட்டுப்பாடு, அதனால ஒரு குடும்பத்து பேருங்கள வேற குடும்பத்து ஆளுங்க கிட்ட ரகசியமா கேட்டு வாங்கினத அவரே எழுதி வெச்சிருக்காரு. 100 வருஷத்துக்கு அப்புறம் அந்த வம்சாவளி ஒசத்தியான ஆவணம் தான், ஆனாலும் நம்ம வீட்டு வேலைல அந்த வழி வேணாம். சொல்ல மாட்டேன்னா அந்த எடத்த காலியா விட்டுட்டு போங்க.

படி 3: சாமான், எடம்

ஃபோன் போதும். ஒரு காலர் மைக் மட்டும் ஒயர் வெச்சதா வாங்குங்க, பீச் ஸ்டேஷன் எதுக்க பர்மா பஜார்லயே கெடைக்கும், எங்க வாங்கினாலும் கடைலயே மாட்டி ரெண்டு நிமிஷம் பேசி கேட்டுட்டு வாங்குங்க.

ஃபைல் வகை முக்கியம். ரெக்கார்டர் ஆப் செட்டிங்ல வேவ்னு ஒண்ணு இருக்கும், அத வைங்க, எம்பி3 வேணாம், வாட்ஸப் வாய்ஸ் நோட் வேணவே வேணாம். அதெல்லாம் சத்தத்த சுருக்கறப்போ மேல் ஸ்தாயில இருக்கற உரசல் ஒலிங்கள தான் மொதல்ல வெட்டும். தமிழ்ல ச, ஸ, ஷ கொஞ்சம் மழுங்கினாலும் நாம புரிஞ்சுக்குவோம், தோடாவுல "ஸ்" மாதிரி ஒலியே நாலு தினுசு இருக்கு, நாலும் நாலு அர்த்தம் குடுக்கும், அது மழுங்கிட்டா பின்னாடி எந்த கொம்பனாலயும் பிரிச்சு சொல்ல முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோன்னு வெச்சா ஒரு மணி நேரத்துக்கு 500 எம்பிக்கு கொஞ்சம் மேல வரும், இன்னைக்கு இருக்கற மெமரி கார்டுக்கு அது ஒண்ணுமே இல்ல.

எடம் தான் நம்ம பக்கம் பெரிய தலைவலி. ரயில் சத்தம், கன்டெய்னர் லாரி, கோயில் ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு மிக்சி. ஹால்ல உக்காராதீங்க, மொசைக் தரையும் வெறும் செவுரும் எதிரொலி அடிக்கும். துணி பீரோ இருக்கற ரூம்ல, மெத்தை மேல உக்காருங்க, பீரோ கதவ தொறந்து வெச்சா தொங்கற பொடவைங்க எதிரொலிய நல்லா உறிஞ்சிடும். ஃபேன நிறுத்தணும், ஆனா மே மாசத்துல வயசானவங்கள வேக வைக்காதீங்க, விடியக்காலைல இல்லன்னா டிசம்பர் ஜனவரில வெச்சுக்கோங்க. ஃபோன ஏரோப்ளேன் மோடுல போட மறக்க வேணாம்.

படி 4: வம்சாவளி, எடம், வருஷம்

மொத நாளே கதை சொல்லுங்கன்னா யாருக்கும் வராது. பேருங்கள்ல இருந்து ஆரம்பிங்க, அம்மா பேரு, அம்மாவ பெத்தவங்க பேரு, எந்த ஹட்டில இருந்து எந்த ஹட்டிக்கு கட்டிக் குடுத்தாங்க. பெரிய சார்ட் பேப்பர தரைல விரிச்சு புள்ளைய எழுத சொல்லுங்க. வயசான பொம்பளைங்க புருசன் பேர வாயால சொல்ல மாட்டாங்க, எங்க வீட்ல என் பொண்ணு தாத்தா பேர சொன்னா, அத்தை (என் மாமியார்) தலைய ஆட்டினாங்க. தலையாட்டறது ஆடியோல விழாது, அதனால பக்கத்துல இருக்கறவங்க "ஆமான்றாங்க"ன்னு வாய்விட்டு சொல்லிடணும். சின்ன விஷயம், ஆனா பத்து வருஷம் கழிச்சு கேக்கறப்போ இதோட அருமை தெரியும்.

வருஷம் கேக்காதீங்க, வராது. "நான் சின்னப் பொண்ணா இருக்கறப்போ"ன்னு தான் வரும். அத எப்படி வருஷமா மாத்தறதுன்னா, எல்லாருக்கும் தெரிஞ்ச நிகழ்ச்சிங்கள முன்னாடியே எழுதி வெச்சுட்டு "அதுக்கு முன்னாடியா பின்னாடியா"ன்னு கேக்கணும். நீலகிரிக்கு நான் வெச்சிருக்கற லிஸ்ட்டு இது: மலை ரயில் ஊட்டி வரைக்கும் வந்தது 1908 (இது பாட்டியோட பாட்டி கதைக்கு), பைக்காரா கரண்ட் 1932, குந்தா அணை வேலை 1950கள் 60கள், உருளைக்கெழங்குல புழு நோய் கண்டுபிடிச்சது 1961, ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரி (இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்) உற்பத்தி ஆரம்பிச்சது 1967, இலங்கைல இருந்து திரும்பினவங்களுக்காக அரசு தேயிலைத் தோட்டம் போட்டது 1968, பெரிய மண்சரிவு 1978 நவம்பர், மறுபடியும் 2009 நவம்பர். இங்க வந்ததுக்கு அப்புறம்னா ஐசிஎஃப் 1955, மூர் மார்க்கெட் எரிஞ்சது 1985, சுனாமி 2004, வெள்ளம் 2015. உருளைக்கெழங்கு நோய் வந்தப்போ கல்யாணம் ஆயிருந்துச்சான்னு கேட்டா டக்குன்னு பதில் வரும், ஏன்னா அன்னைக்கு வீட்ல காசு இல்லாம போனது மனசுல நிக்கும். நோய்ல ஆரம்பிச்சு கெழங்கு விட்டு தேயிலைக்கு மாறினது, அதுக்கு முன்னாடி சாமை ராகி போட்டதுன்னு பேச்சு தானா பின்னாடி போகும்.

பழைய கொடுக்கல் வாங்கல கண்டிப்பா கேளுங்க. ஒரு காலத்துல படுகர் வீட்டு சாவுக்கு கோத்தர் வந்து மேளம் குழல் வாசிப்பாங்க, இரும்பு சாமானும் பானையும் அவங்க கிட்ட இருந்து வரும், தானியம் இங்கருந்து போகும், தோடர் கிட்ட இருந்து நெய், குறும்பர் கிட்ட இருந்து காட்டுப் பொருள். 1930கள்ல இருந்து இது தளர்ந்து போச்சு. பார்த்த ஆளுங்க இப்போ ரொம்ப கம்மி, பார்த்தவங்க சொல்லி கேட்ட ஆளுங்க உங்க வீட்ல இருக்கலாம்.

படி 5: அவங்க மொழியிலயே பேச வைக்கறது

இதுதான் இருக்கறதுலயே கஷ்டமான படி. எதிர்ல யாரு உக்காந்திருக்காங்களோ அவங்க பாஷைக்கு பெரியவங்க தானா மாறிடுவாங்க. பேத்தி தமிழ்ல கேட்டா பாட்டி தமிழ்ல தான் சொல்லும், "உங்க பாஷைல சொல்லுங்க"ன்னா ரெண்டு வரி சொல்லிட்டு மறுபடி தமிழ். அது பாசத்தால வர்றது, புள்ளைக்கு புரியணுமேன்னு.

இதுக்கு மூணு வழி வெச்சிருக்கேன். ஒண்ணு, அந்த மொழி பேசற இன்னொரு பெரியவங்கள கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வைங்க, வில்லிவாக்கத்துல ஒரு அம்மா இருக்காங்க, அவங்க வந்துட்டா எங்க அத்தை நாங்க இருக்கறதையே மறந்துடுவாங்க, ரெண்டு பேரும் காபி தம்ளர வெச்சுட்டு ஆரம்பிச்சா வேகமே வேற, சிரிப்பே வேற. ரெண்டு, ஊர்ல இருக்கற தங்கச்சிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க, அந்த பக்கத்துக்கும் ரெக்கார்ட் ஓடுதுன்னு மொதல்லயே சொல்லிடணும். மூணாவது தான் ரொம்ப முக்கியம், கேள்விங்கள புள்ளை அந்த மொழியிலயே கேக்க கத்துக்கணும். இது என்ன, அது யாரு, அப்புறம் என்னாச்சு, எதுக்கு, எப்படி செஞ்சீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க, எனக்கு புரியல. இந்த ஏழெட்டு வரிய அம்மா கிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு போனா போதும், பதில் முழுசா புரியலன்னாலும் பரவால்ல.

கை வேலை செஞ்சுட்டே பேசறது சும்மா உக்காந்து பேசறத விட நல்லா வரும். எங்க வீட்ல நல்லா வந்த ஒரு பதிவு அவரை உரிக்கறப்போ எடுத்தது. அத்தை தரைல முறத்த வெச்சுட்டு உரிக்கறாங்க, பொண்ணு பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்து "ஹெத்தே (பாட்டி), இது?"ன்னு கேக்குது, அத்தை முத்துனது, பிஞ்சு, பூச்சி விழுந்தது, வெதைக்கு ஒதுக்கறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு சொல்லிட்டே போறாங்க, அப்படியே அவரெ உதக்க (அவரை கொழம்பு) எப்படி வெக்கறது, அவங்க அம்மா எப்படி வெப்பாங்க, துப்பதிட்டுன்ற பலகாரம் எந்த நாளைக்கு சுடுவாங்கன்னு போயிட்டே இருக்கு. நடுவுல குக்கர் விசில் அடிக்குது, அத நான் வெட்டல. இந்த பேருங்க எதையும் நேரா கேள்வி கேட்டிருந்தா எங்களால வாங்கிருக்க முடியாது, கேக்கணும்னே எங்களுக்கு தெரியாதே.

ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல போகாதீங்க. அவங்க பேசறப்போ "ம்" கொட்டாதீங்க, அது மைக்ல பெருசா விழும், கண்ணால பேசுங்க. சும்மா இருந்தா உடனே அடுத்த கேள்விக்கு போகாதீங்க, பெரியவங்க யோசிக்கறப்போ கொஞ்ச நேரம் அமைதியா இருப்பாங்க, அதுக்கப்புறம் வர்றது தான் சரக்கு.

படி 6: பாட்டும் சடங்கும்

வடசென்னைக்காரங்களுக்கு இத விளக்க தேவையில்ல. புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் மரண கானா பாடறவங்க பேப்பர் பாக்காம, செத்தவரோட பேரு, தொழில், குடும்பம் எல்லாத்தையும் ராத்திரி முழுக்க கட்டி பாடுவாங்க, கைவசம் இருக்கற அடிங்கள எடுத்து எடத்துக்கு ஏத்த மாதிரி கோப்பாங்க. தோடர் பாட்டும் கிட்டத்தட்ட இப்படி தான், ஜோடி ஜோடியா அமைஞ்ச தொடருங்க ஏற்கெனவே இருக்கும், எருமை பத்தி, எடம் பத்தி, ஆளு பத்தின்னு, அத வெச்சு அந்தந்த நிகழ்ச்சிக்கு புதுசா கட்டுவாங்க. அதனால பாட்டு வரிய மட்டும் எழுதி வெச்சா பாதி தான் கெடைக்கும். யாரு கட்டினது, யாருக்காக, எந்த எடத்துல, அதுல வர்ற ஊர் பேரு எது, இதெல்லாம் பாட்டு முடிஞ்சதும் அதே ரெக்கார்டிங்ல கேட்டு வாங்கிடுங்க.

படுகர் சாவு சடங்குல பெரியவர் ஒருத்தர் செத்தவர் செஞ்சிருக்கக் கூடிய பாவங்கள வரிசையா சொல்லி மன்னிப்பு கேக்கற ஒரு நீளமான பகுதி இருக்கு. மொழியா பாத்தா பொக்கிஷம். ஆனா அத வீட்ல சும்மா சொல்லிக்காட்டுங்கன்னு கேக்காதீங்க, சாவில்லாத வீட்ல ஒப்பாரி வைக்க சொல்லி நம்ம ஏரியாவுல யாராச்சும் கேப்போமா? அதுக்குன்னு நேரம் வர்றப்போ ஊர் பெரியவங்க கிட்ட அனுமதி கேட்டு, குடும்பத்துக்கிட்ட அனுமதி கேட்டு, ஓரமா நின்னு எடுக்கலாம், வேணாம்னா விட்டுடலாம். தோடர் பால்மனை கோயில் சடங்குங்க விஷயத்துல இன்னும் கவனமா இருக்கணும், அங்க பொம்பளைங்க உள்ள போகக் கூடாது, வெளியாளுங்க பாக்கக் கூடாததும் உண்டு.

படி 7: சொல் பட்டியல், எழுதறது

கதைங்க கொஞ்சம் சேந்ததுக்கு அப்புறம் சொல் பட்டியல் எடுங்க, மொதல்லயே எடுத்தா பரீட்சை மாதிரி ஆயிடும். ஸ்வாதேஷ் பட்டியல்னு 207 சொல்லு கொண்டது ஒண்ணு இருக்கு, கை, கால், தண்ணி, நெருப்பு, நான், நீன்னு அடிப்படை சொல்லுங்க. ஒவ்வொண்ணையும் மூணு தடவை நிதானமா சொல்ல வைங்க.

மூணு தடவை எதுக்குன்னா, 1939ல எமனோ படுக மொழியோட உயிரொலிங்கள பத்தி எழுதினாரு. சாதாரணமா சொல்றது, நாக்க கொஞ்சம் மடிச்சு சொல்றது, முழுசா மடிச்சு சொல்றதுன்னு ஒரே உயிரொலில மூணு தரம் இருக்குன்னு பதிவு பண்ணாரு, உலகத்துலயே அபூர்வமான விஷயம் இது. பின்னாடி வந்து ஆராய்ச்சி பண்ணவங்களுக்கு அந்த மூணு தரமும் கெடைக்கல, சில பேரு பேச்சுல, சில சொல்லுல மட்டும் மிச்சம் இருக்குன்னு சொல்றாங்க. உங்க பாட்டி வாய்ல அது இருக்கா இல்லையான்னு உங்க ரெக்கார்டிங்க வெச்சு தான் பின்னால ஒருத்தர் சொல்ல முடியும், அதுக்கு சுத்தமான சத்தமும் திரும்பத் திரும்ப சொன்ன சொல்லும் வேணும். முகத்துக்கு நேரா ஒரு வீடியோவும் எடுத்து வைங்க, வாய் அசைவு தெரியும்.

எழுத்து விஷயத்துல சண்டை போடாதீங்க. படுக மொழிக்கு தனி எழுத்து புழக்கத்துல இல்ல, 19ஆம் நூற்றாண்டுல பாசல் மிஷன்காரங்க கன்னட எழுத்துல அச்சு போட்டாங்க, இப்போ இருக்கறவங்க ஃபோன்ல தமிழ் எழுத்துல அடிக்கறாங்க. உங்க புள்ளைக்கு படிக்க தெரிஞ்ச எழுத்து எதுவோ அதுல எழுதுங்க. தமிழ்ல எழுதினா ஒரு கொறை, க-ன்னு எழுதினா அது ka-வா ga-வா, ப-ன்னு எழுதினா pa-வா ba-வான்னு தெரியாது. அதுக்கு நம்ம கிட்டயே தீர்வு இருக்கு, ஸ்லோக புக்குல க, க², க³, க⁴ன்னு போடுவாங்கல்ல, அதே மாதிரி ப³, ட³, க³ன்னு போட்டுடுங்க, ஹ, ஜ இருக்கவே இருக்கு. நாக்கு மடிஞ்ச உயிரொலிக்கு எழுத்துக்கு கீழ ஒரு கோடு. என்ன முறைல எழுதறீங்கன்னு நோட்டு மொத பக்கத்துல எழுதி வெச்சுட்டா போதும், யாரும் கொழம்ப மாட்டாங்க.

கம்ப்யூட்டர் இருந்தா ஈலான் (ELAN)னு ஒரு சாஃப்ட்வேர், நெதர்லாந்துல இருக்கற மேக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிட்யூட் எலவசமா குடுக்குது, ஆடியோவுக்கு கீழ வரி வரியா எழுதலாம், ஒரு வரி அவங்க சொன்னது, ஒரு வரி தமிழ் அர்த்தம், ஒரு வரி குறிப்பு. கம்ப்யூட்டர் இல்லன்னா நோட்டுல நிமிஷம் போட்டு மூணு காலம் கட்டுங்க, அதுவும் அதே வேலை தான். ஒரு மணி நேர ஆடியோவுக்கு 10 மணி நேரம் குறைஞ்சது போகும், அதனால எல்லாத்தையும் எழுத கெளம்பாதீங்க, புள்ளைக்கு புடிச்ச கதைய மொதல்ல எழுதுங்க.

படி 8: ஃபைல வெச்சுக்கறது

ஃபைல் பேர்ல தேதி, மொழி கோடு, பேசறவங்க இனிஷியல், வரிசை நம்பர். உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட மூணெழுத்து கோடு உண்டு, படுக மொழிக்கு பிஎஃப்க்யூ, தோடாவுக்கு டிசிஎக்ஸ், கோத்தாவுக்கு கேஎஃப்இ. ஒரிஜினல்ல கை வைக்காதீங்க, வெட்டறது ஒட்டறது எல்லாம் காப்பில. மூணு காப்பி, அதுல ஒண்ணு வேற ஊர்ல. 2015 வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் ரெண்டும் நம்ம பக்கம் என்ன பண்ணுச்சுன்னு தெரியும், எல்லா ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பீரோ கீழ் தட்டுல இருக்கக் கூடாது.

படி 9: புள்ளைங்க வாய்க்கு

முழு ஆடியோவ எந்த புள்ளையும் ஒக்காந்து கேக்காது. அரை நிமிஷத் துண்டா வெட்டுங்க. பாட்டி திட்டினது, சிரிச்சது, பூனைய வெரட்டினது, இந்த மாதிரி துண்டுங்க தான் மொதல்ல. துண்ட போட்டு கேக்கணும், நிறுத்தி அதே மாதிரி சொல்லணும், சொன்னத ரெக்கார்ட் பண்ணி பாட்டிக்கு போட்டுக் காட்டணும். அத்தைக்கு இதுல வர்ற சந்தோஷம் இருக்கே, பேத்தி தப்பா சொன்னா கைய புடிச்சுட்டு வாய பாக்க சொல்லி திரும்ப சொல்ல வைப்பாங்க, அந்த திருத்தத்தையும் நான் ரெக்கார்ட் பண்றேன், ஏன்னா எந்த ஒலி புள்ளைங்களுக்கு வழுக்குதுன்னு அதுல தான் தெரியும்.

நியூசிலாந்துல மவோரி மக்கள் 1982ல கோஹாங்கா ரெயோன்னு ஆரம்பிச்சாங்க, பள்ளிக்கூடம் போகாத சின்ன புள்ளைங்கள பாட்டி தாத்தாங்க கிட்ட விட்டு மவோரி மட்டும் பேசற எடம். கலிஃபோர்னியாவுல செவ்விந்தியர் மொழிங்களுக்கு 1990கள்ல இருந்து ஒரு பெரியவர் ஒரு இளையவர்னு ஜோடி சேத்து, இருக்கற நேரம் முழுக்க இங்கிலீஷ் இல்லாம அன்றாட வேலைங்கள சேந்து செய்ய வைக்கறாங்க. ரெண்டுலயும் பாடம் கெடையாது, சமைக்கறது, தொவைக்கறது, நடக்கறது தான். இத ஃபிளாட்டுக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கலாம்: சாயங்காலம் 6லருந்து 7 வரைக்கும் சமையல்கட்டுல தமிழ் கெடையாது. தெரியாத சொல்லுக்கு கைய காட்டலாம், தமிழ்ல கேக்கக் கூடாது. அம்மா கட்டாயம் இதுல இருக்கணும், நடு தலைமுறை பேசலன்னா பாட்டியும் பேத்தியும் ரொம்ப நாள் தாக்குப் புடிக்க முடியாது. மொழி தெரியாத மருமகன்களும் வரணும், நான் வெங்காயம் நறுக்கிட்டே கேட்டதுல தான் எனக்கு இவ்வளவாச்சும் புரியுது.

கோயம்புத்தூர், பெங்களூர்ல இருக்கற ஒண்ணுவிட்ட அக்கா தம்பிங்கள சேத்து ஒரு வாட்ஸப் குரூப் போடுங்க, வாரம் ஒரு துண்டு, பதில் வாய்ஸ்ல மட்டும், டைப் பண்ணக் கூடாது. எவன் தப்பா பேசினாலும் கேலி பண்றவங்கள குரூப்ப விட்டு தூக்கிடுங்க, இதுல நான் கண்டிப்பு. ஊர்ல இருக்கறவங்க பட்டணத்து புள்ளைங்க உச்சரிப்ப பாத்து சிரிச்சா அதோட அந்த புள்ளை வாய மூடிடும், அப்புறம் தொறக்கவே தொறக்காது.

படி 10: ஊருக்கு திருப்பி குடுக்கறது

மெட்ராஸ்ல எடுத்தது மெட்ராஸ்லயே கெடக்கக் கூடாது. "ஊர் வரைக்கும்"னு சம்மதம் கெடைச்சதெல்லாம் பென் டிரைவ்ல போட்டு ஹட்டில பொறுப்பான ஒருத்தர் கிட்ட குடுங்க, கூடவே நோட்டு ஜெராக்ஸ். கோத்தகிரில சமுதாய வானொலி இருக்கு, பழங்குடி மொழிங்கள்ல நிகழ்ச்சி போடறாங்க, பாட்டிங்க பேச்சுக்கு அங்க மரியாதை உண்டு. ஊட்டி பக்கத்துல முத்தோரை பாலாடால அரசு பழங்குடியினர் ஆய்வு மையம் 1983லருந்து இருக்கு. மைசூர்ல இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 1969ல ஆரம்பிச்சது, 10,000 பேருக்கு கம்மியா பேசற மொழிங்களுக்கு 2013ல தனி திட்டமே போட்டாங்க, தோடா, கோத்தா வீட்டுக்காரங்க அங்க எழுதிப் போடலாம். படுக மொழி அந்த கணக்குல வராது, எண்ணிக்கை அதிகம், அதனால படுகர் வீடுங்க அரசாங்கத்த எதிர்பாக்காம தாங்களே செஞ்சுக்கறது நல்லது. எந்த நிறுவனத்துக்கு குடுத்தாலும் மூணு வகை சம்மதத்த எழுத்துல குடுங்க, காப்பி உங்க கிட்ட இருக்கட்டும், பேசின பெரியவங்களுக்கு பின்னாடி யாரு முடிவெடுக்கறதுன்னு வாரிசு பேரும் அந்த பேப்பர்ல இருக்கணும்.

படுகர் வீடுன்னா குடுக்க நல்ல நேரம் ஹெத்தை ஹப்பா, அதாவது ஹெத்தை அம்மன் திருவிழா, டிசம்பர் கடைசி ஜனவரி வாக்குல பேரகணில பெருசா நடக்கும், வெளியூர்ல இருக்கறவங்க எல்லாம் வெள்ளை முண்டு கட்டிட்டு வந்து சேருவாங்க, நீங்க பாத்தே இல்லாத சொந்தக்காரங்க அங்க ஒரே நாள்ல கெடைப்பாங்க, சார்ட் பேப்பர்ல காலியா விட்ட பேருங்கள அங்க கேட்டு நெரப்பிக்கலாம். சென்ட்ரல்ல ராத்திரி கெளம்பற நீலகிரி எக்ஸ்பிரஸ் தான் வசதி, விடிஞ்சா மேட்டுப்பாளையம், அங்கருந்து கோத்தகிரி பஸ். டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி தான் ஓபன் ஆகும், அந்த சீசன்ல ஒடனே காலி ஆயிடும், அதனால ஊர்ல தேதி குறிச்சாங்களான்னு அக்டோபர்லயே கேட்டு வெச்சுக்கோங்க, பெரியவங்களுக்கு லோயர் பெர்த் பாத்து போடுங்க.